எதிர்க்காற்றில் பொடபொட, பின்காற்றில் கீச்: ரிங்மாஸ்டரில் ஃபாக்ஸ் 35 ஏன் இப்படி ஓடுகிறது?

உடுமலை_ரிங்மாஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். காலேஜில் என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தபோது கண்ட்ரோல் லைன் (நடுவில் நின்று, கைப்பிடியில் கட்டிய கம்பியால் மாடல் விமானத்தை வட்டமாகப் பறக்கவிடுவது) பழகினது. இப்போது சொந்தமாக ரிங்மாஸ்டர் என்ற மாடல் விமானம் ஒன்றைக் கட்டிப் பறக்கவிடுகிறேன். இன்ஜின் மாமா கொடுத்த பழைய ஃபாக்ஸ் 35. சைலன்சர் கிடையாது, மொட்டை எக்ஸாஸ்ட்தான். ப்ரொப் (ப்ரொப்பெல்லர்) 10-6 மரம். லைன் 60 அடி, 0.015 அங்குல ஸ்டீல். டேங்க் யூனிஃப்ளோ (எரிபொருள் குறைந்தாலும் ஒரே சீராகக் கொடுக்கும் வகை), வெளிப்பக்கமாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். டேங்க்குக்குள் காற்று போகும் வென்ட் குழாய் முன்பக்கம் பார்த்து வளைந்திருக்கிறது. எரிபொருள் மெத்தனால், விளக்கெண்ணெய், 5 சதவீதம் நைட்ரோ.

ஏப்ரல் மாதம் காலை நேரத்தில் காற்றே இல்லாமல் பறக்கவிட்டபோது அருமையாக ஓடியது. நேராகப் போகும்போது ஃபோர் ஸ்ட்ரோக் (ஒன்று விட்டு ஒரு சுற்றில் தீப்பிடிக்கும் ஓட்டம்), மூக்கைத் தூக்கினால் டூ ஸ்ட்ரோக் (ஒவ்வொரு சுற்றிலும் தீப்பிடிக்கும் ஓட்டம்), இறங்கினால் மறுபடி ஃபோர் ஸ்ட்ரோக். ஜூன் பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்ததும் கதை மாறிவிட்டது. மேற்கிலிருந்து அடிக்கிறது, நான் பார்க்கும்போது ஏறக்குறைய 18 கி.மீ. வேகம். ஒவ்வொரு சுற்றிலும் வடக்குப் பக்கம், அதாவது காற்றை எதிர்த்துப் போகும் இடத்தில், பொடபொடவென்று ஃபோர் ஸ்ட்ரோக் அடிக்கிறது. தெற்குப் பக்கம் காற்றோடு போகும்போது டூ ஸ்ட்ரோக்குக்குத் தாவிக் கீச்சென்று கத்துகிறது. லேப் 5 விநாடி. ஒவ்வொரு லேப்பிலும் தவறாமல் இதே கூத்து. எரிபொருள் அளவை வைக்கும் நீடிலைத் திறந்தால் வடக்கே அணைகிற மாதிரி திணறுகிறது, மூடினால் லூப்பில் சூடாகித் தொய்கிறது.

இன்னொன்று. லூப் போட்டால் முதல் லூப் சரி, இரண்டாவது வேகமாக வருகிறது, மூன்றாவதில் கையைப் பிடுங்குகிறது.

நண்பன் வட்டத்துக்கு வெளியே நின்று வீடியோ எடுத்தான். அந்தச் சத்தத்தை மொபைல் ஆப்பில் போட்டுப் பார்த்தால் அதிகபட்சம் 10,200 ஆர்.பி.எம்., குறைந்தது 8,900 ஆர்.பி.எம். வருகிறது. காற்றால் இன்ஜினின் வேகம் 1,300 வரை மாறுமா? இது இன்ஜின் கோளாறா, டேங்க் கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி_க்ளோபிளக்:

1,300 ஆர்.பி.எம். ரொம்ப அதிகம் ப்ரோ. ஏப்ரலில் வறண்ட காற்று, இப்போது ஈரப்பதம் கூடியிருக்கும். நீடில் ஒரு ரெண்டு கிளிக் மூடிப் பாருங்கள். அப்புறம் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கை மாற்றுங்கள். டேங்க்கில் பொடி ஓட்டை இருந்தாலும் இப்படி வரும், தண்ணீரில் முக்கி ஊதிப் பார்த்துவிடுங்கள்.

பீளமேடு_பழைய_ஃபிட்டர்:

தம்பி, நீடிலைத் தொடாதீங்க. க்ளோ பிளக்கையும் மாத்த வேண்டாம். ஈரப்பதம் மாறினால் வட்டம் முழுக்க ஒரே மாதிரி மாறும். டேங்க்கில் ஓட்டை இருந்தால் எரிபொருள் குறையக் குறைய மோசமாகும். உங்களுக்கு வடக்கே ஒரு சத்தம், தெற்கே ஒரு சத்தம், அதுவும் லேப்புக்கு ஒரு தடவை. பிளக்குக்கோ ஈரப்பதத்துக்கோ திசை தெரியாது. அங்கே திசை தெரிந்த ஆள் காற்று ஒன்றுதான்.

முதலில் அந்த வீடியோவை ஓரம் கட்டுவோம். 60 அடி லைன், கை நீளமும் சேர்த்தால் ஆரம் 19 மீட்டர். சுற்றளவு 119 மீட்டர். 5 விநாடியில் ஒரு லேப் என்றால் வேகம் விநாடிக்கு 24 மீட்டர். நம்ம பக்கத்து வெக்கையில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24-ஐ 349-ஆல் வகுத்தால் 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. உங்கள் இன்ஜின் அப்படி இப்படி அசையாமல் 9,500-ல் ஓடினாலே, வெளியே நிற்பவர் காதுக்கு விமானம் நெருங்கி வரும்போது 10,200 என்றும், விலகிப் போகும்போது 8,900 என்றும்தான் கேட்கும். உங்கள் ஆப் காட்டிய எண்கள் அப்படியே இதுதான். டாப்ளர் விளைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த 1,300-ஐ அந்தக் கணக்கில் எழுதுங்கள், இன்ஜின் கணக்கில் வேண்டாம்.

நடுவில் கைப்பிடியோடு நிற்கும் பைலட்டுக்கு இந்த ஏமாற்று கிடையாது. விமானம் அவருக்கு எப்போதும் ஒரே தூரத்தில்தான் சுற்றுகிறது, நெருங்குவதும் இல்லை விலகுவதும் இல்லை. அதனால் போனை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பதிவு பண்ணுங்கள். 9,500 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 158 சுற்று. ஃபோர் ஸ்ட்ரோக் அடிக்கும்போது எரிபொருள் அதிகமாகி, ஒன்று விட்டு ஒரு சுற்றுதான் தீப்பிடிக்கிறது. ஆப்பில் 79 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கோடு முளைக்கும். டூ ஸ்ட்ரோக்குக்கு மாறினதும் அந்தக் கோடு மறைந்துவிடும். எந்தத் திசையில் முளைக்கிறது, எந்தத் திசையில் மறைகிறது என்று பாருங்கள். ஆர்.பி.எம். எண்ணைவிட இதுதான் நமக்கு உபயோகம்.

சரி, இப்போது காற்று. தன்போக்கில் பறக்கிற விமானத்துக்குக் காற்று அடிப்பதே தெரியாது, அதோடு சேர்ந்து அதுவும் நகர்ந்துவிடும். நம்முடையது கட்டிப்போட்ட சாமான். வட்டத்தின் மையம் உங்கள் காலடியில். 18 கி.மீ. காற்று என்றால் விநாடிக்கு 5 மீட்டர். தரையைப் பொறுத்து விமானம் 24-ல் போகிறது. வடக்கே எதிர்க்காற்றில் அது சந்திக்கும் காற்று 29 மீட்டர் பக்கம், தெற்கே 19 மீட்டர் பக்கம். உண்மையில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும். ஆனால் ஒரு லேப்புக்கே 5 விநாடிதான், அதில் பாதி வடக்கு, பாதி தெற்கு. அதற்குள் விமானம் தன் வேகத்தைக் குறைத்தோ கூட்டியோ சரிக்கட்ட நேரம் போதாது. அதனால் காற்றின் வேகத்தில் பெரும்பங்கு அப்படியே வித்தியாசமாக நிற்கும்.

இந்த வித்தியாசம் இன்ஜினுக்குள் எந்த வழியாக நுழைகிறது? இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று உங்கள் வென்ட் குழாய், இன்னொன்று ப்ரொப்.

வென்ட் குழாயைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். முன்பக்கம் பார்த்து வளைத்திருக்கிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முன்னால் வரும் காற்று அதற்குள் மோதி டேங்க்கை அழுத்துகிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 19 மீட்டர் வேகத்தில் அது 200 பாஸ்கல், 29 மீட்டரில் 467 பாஸ்கல். நம்ம எரிபொருளில் இதை உயரமாக மாற்றினால் முன்னதுக்கு 24 மி.மீ., பின்னதுக்கு 56 மி.மீ. அதாவது ஒவ்வொரு லேப்பிலும் யாரோ உங்கள் டேங்க்கை ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்கித் தூக்கி இறக்குகிறார்கள். டேங்க் உயரத்தை 1 மி.மீ., 2 மி.மீ. என்று தக்கை வைத்துச் சரிபண்ணுகிற இன்ஜின் இது, ஓர் அங்குலத்துக்கு அது என்ன பண்ணும்? எதிர்க்காற்றில் எரிபொருள் கூடிப் பொடபொட, பின்காற்றில் எரிபொருள் குறைந்து கீச். நீங்கள் சொன்ன அடையாளமும் இதேதான்.

இரண்டாவது வாசல் ப்ரொப். 10-6-இல் அந்த 6 தான் பிட்ச். ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேற வேண்டும் என்று கணக்கு. 9,500 சுற்றில் அது விநாடிக்கு 24 மீட்டர். உங்கள் விமானத்தின் வேகமும் 24. ப்ரொப் பிளேடுகள் காற்றைக் கடிக்கிற கோணம் ஏற்கெனவே சொற்பம்தான், பிளேடின் வளைவு கொடுக்கும் இழுவையில் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே வரும் காற்று 29 ஆனால் அந்தக் கோணமும் போய், ப்ரொப்பின் சுமை சட்டென்று குறையும். இறக்கத்தில் சைக்கிள் பெடல் காலுக்குப் பிடி கொடுக்காமல் ஓடுமே, அந்த நிலை. இன்ஜின் அடையாளம் தெரிகிற அளவுக்கு வேகம் பிடிக்கும். தெற்கே 19-க்கு இறங்கியதும் பிளேடுகள் நன்றாகக் கடிக்கும், சுமை ஏறும், ஃபோர் ஸ்ட்ரோக்கின் விளிம்பில் நிற்கும் ஃபாக்ஸ் டூ ஸ்ட்ரோக்குக்குத் தாவும். இரண்டு வாசலும் ஒரே பக்கம்தான் தள்ளுகின்றன, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது.

எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. வென்ட்டை மட்டும் முதலில் மாற்றுங்கள், ப்ரொப்பை விட்டுவிடுங்கள். சைலன்சர் இருந்தால் அதன் அழுத்தத்தை வென்ட்டுக்குக் கொடுத்து ஒரே அடியில் முடித்திருக்கலாம். உங்களுக்கு மொட்டை எக்ஸாஸ்ட், அந்த வழி இல்லை. அதனால் வென்ட் முனை காற்றைப் பார்க்காத மாதிரி செய்ய வேண்டும். பின்பக்கம் திருப்பிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. பின்பக்கம் பார்த்தால் உறிஞ்சும், அந்த உறிஞ்சலும் வேகத்தோடு மாறும். குழாயைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, ஒரு சின்ன ப்ளைவுட் தகட்டில் ஓட்டை போட்டு, தகட்டின் பரப்போடு சமமாகக் குழாயை அரம் போட்டு அறுத்துவிடுங்கள். காற்று அந்த வாயை உரசிக்கொண்டு போகும், உள்ளே மோதாது. விளிம்பில் பிசிறு இருக்கக்கூடாது. விரல் நகத்தால் தடவினால் தட்டக்கூடாது, அவ்வளவு சுத்தம்.

ஒன்றை மறக்காதீங்க. இதுவரை அந்த முன்பக்க அழுத்தம் எரிபொருளைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் வட்டம் முழுக்க எரிபொருள் குறையும். பழைய நீடில் நிலையிலேயே பறக்கவிட்டால் இன்ஜின் வறண்டு ஓடும். அதனால் வென்ட்டை மாற்றிய அன்று மட்டும் நீடிலை நன்றாகத் திறந்து ஆரம்பித்து, கிளிக் கிளிக்காக மூடி வாருங்கள். நீடிலைத் தொடாதே என்று மேலே சொன்னவனே இப்போது தொடச் சொல்கிறேனே என்று பார்க்காதீங்க. காரணம் தெரிந்து தொடுவது வேறு.

அப்புறம் தரையில் செட் பண்ணும் முறை. காற்று அடிக்கும் நாளில் விமானத்தின் மூக்கைக் காற்றுக்கு நேரே வைத்து டாக்கோமீட்டர் பிடித்தால் ப்ரொப் அங்கேயே கொஞ்சம் சுமை இறங்கியிருக்கும், எண் கூடுதலாகக் காட்டும். அடுத்த நாள் காற்றில்லாமல் அதே எண்ணுக்கு நீடிலை வைப்பீர்கள், அது வேறு நீடில் ஆகிவிடும். எப்போதும் காற்று பக்கவாட்டில் வரும்படி விமானத்தைப் பிடித்து அளவு எடுங்கள். ஏப்ரலின் எண்ணையும் ஜூலையின் எண்ணையும் அப்போதுதான் ஒப்பிட முடியும்.

மூன்றாவது லூப் கையைப் பிடுங்குவது தனி விஷயம், எனக்கு இதில்தான் ருசி. அதைச் சாயங்காலம் எழுதுகிறேன். மெத்தனால் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்கமாட்டேன். உரிமம் இல்லாமல் தமிழ்நாட்டில் வாங்க முடியாது, கள்ளக்குறிச்சி சாவுகளுக்கு அப்புறம் பேரைச் சொன்னாலே கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

உடுமலை_ரிங்மாஸ்டர்:

ஐயா, டாப்ளர் விஷயம் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நண்பனும் நானும் அந்த 1,300-ஐ வைத்து ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். நாளைக்கே போனைப் பையில் போட்டுப் பதிவு பண்ணுகிறேன். ஒரு சந்தேகம். மைதானத்துக்கு மேற்கே தென்னந்தோப்பு இருக்கிறது, வட்டத்தின் ஓரத்திலிருந்து 40 மீட்டர்தான் இருக்கும். அது காற்றைத் தடுப்பதால் நல்லதுதானே?

பெங்களூர்_மின்சாரம்:

பெரியவர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் நான் எலெக்ட்ரிக்குக்கு மாறினேன். கவர்னர் மோடு உள்ள ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம்) போட்டால் ஆர்.பி.எம். ஒரே எண்ணில் நிற்கும். காற்று எதிரே வந்து ப்ரொப்பின் சுமை குறைந்தாலும் மோட்டார் வேகம் பிடிக்காது, கரண்ட் குறையும், அவ்வளவுதான். பின்காற்றில் சுமை ஏறினால் கரண்ட்டைக் கூட்டிக் கொடுக்கும். விமானம் லூப்பில் வேகம் பிடித்தால் அதே ஆர்.பி.எம்.-இல் ப்ரொப் பிரேக் மாதிரி வேலை செய்யும். வென்ட், டேங்க், நீடில், மெத்தனால் எதுவும் கிடையாது. விளக்கெண்ணெய் நாற்றத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதும் இல்லை.

பீளமேடு_பழைய_ஃபிட்டர்:

முதலில் தென்னந்தோப்பு. நல்லது இல்லை தம்பி. தோப்பு காற்றை நிறுத்தாது, கிழித்து உருட்டி அனுப்பும். மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் அந்த உருட்டல் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மீட்டர் என்றால் நீங்கள் அதன் நடுவிலேயே நிற்கிறீர்கள். தரைக்குப் பக்கத்தில் காற்று செத்துக் கிடக்கும், 10 மீட்டர் உயரத்தில் திடீரென்று முழு வேகம். சீரான 18 கி.மீ. காற்றில் பறக்கவிடலாம், இந்த 12-க்கும் 22-க்கும் இடையே ஆடுகிற காற்றில் இன்ஜினை எடை போடவே முடியாது. மைதானத்தின் கிழக்கு ஓரத்துக்கு வட்டத்தைத் தள்ளுங்கள். முடியாவிட்டால் காலை 7 மணிக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள், வெயில் ஏற ஏறத்தான் கணவாய்க் காற்றுக்குத் திமிர் வரும்.

இனி மூன்றாவது லூப். எல்லோரும் இன்ஜின் மேல் பழி போடுவார்கள். இன்ஜினுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் ஆரம்பித்து வைப்பது அது இல்லை.

காற்று மேற்கிலிருந்து, அதனால் லூப்பை நீங்கள் கிழக்கே போடுகிறீர்கள், முதுகில் காற்று. சரியான இடம்தான், லைன் இறுக்கமாக இருக்கும். விமானம் ஒரு அரைக்கோளத்தின் மேல் நகர்கிறது, மையம் உங்கள் கை. அடிமட்டத்தில் அந்தக் கோளத்தின் சுவர் செங்குத்து. உங்கள் முதுகிலிருந்து வரும் காற்று அந்தச் சுவரை நேராகக் குத்துகிறது, விமானத்தை வெளியே தள்ளுகிறது, மேலும் கீழும் எதுவும் செய்யாது. ஆனால் 45 டிகிரி உயரத்தில் சுவர் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. அங்கே அதே கிடைக்காற்றின் ஒரு பங்கு, ஏறக்குறைய 70 சதவீதம், சுவரோடு ஒட்டிக் கீழ்நோக்கி வழிகிறது. 5 மீட்டர் காற்றில் மூன்றரை மீட்டர்.

இப்போது லூப்பை மனசில் ஓட்டிப் பாருங்கள். ஏறும்போது எதிர்க்காற்று. அது ஏற ஏறக் கூடிக்கொண்டே போகிறது, பூஜ்யத்திலிருந்து மூன்றரை வரைக்கும். எதிர்க்காற்று கூடினால் விமானத்துக்குக் காற்றுவேகம் இலவசமாகக் கிடைக்கிறது. உச்சியில் திரும்பிக் கீழே வரும்போது அதே காற்று பின்காற்று. ஆனால் இறங்க இறங்க அது குறைந்துகொண்டே போகிறது. பின்காற்று குறைந்தாலும் காற்றுவேகம் கூடும். ஏறும்போதும் வரவு, இறங்கும்போதும் வரவு. ஆல்பட்ராஸ் பறவை சிறகை அடிக்காமல் கடலுக்கு மேல் நாள் கணக்கில் சுற்றுவது இதே வித்தையில்தான். அதற்குக் கடல்மட்டத்தில் மெதுவான காற்று, மேலே வேகமான காற்று. நமக்குக் கோளத்தின் சாய்வே அந்த வேலையைச் செய்து கொடுக்கிறது. அதன் மேல் உங்கள் தென்னந்தோப்பு வேறு தரைக்காற்றைக் கொன்று வைத்திருக்கிறது, மேலே காற்று முழுசாக இருக்கிறது. இரட்டை வரவு. ஒவ்வொரு லூப்பும் முந்தியதைவிட வேகமாக வராமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில்தான் ஃபாக்ஸ் நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறது. மூக்கைத் தூக்கினால் டேங்க் இன்ஜினுக்குக் கீழே போகிறது, எரிபொருள் குறைகிறது, டூ ஸ்ட்ரோக்குக்குத் தாவி முழு பலத்தையும் கொடுக்கிறது. காற்றில்லாத நாளில் அந்தத் தாவல்தான் விமானத்தை உச்சி வரை தூக்கிப் போகும் வரம். 1940களின் கடைசியில் ட்யூக் ஃபாக்ஸ் இந்த இன்ஜினைக் கொண்டுவந்தபோது ஸ்டண்ட் பறக்கவிடுகிறவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியதும் அதற்காகத்தான். காற்று அடிக்கும் நாளில் விமானத்துக்கு ஏற்கெனவே வேகம் போதும், அந்த நேரம் பார்த்து இன்ஜினும் கூடுதல் பலம் கொடுக்கிறது. வரம் சாபமாகிற இடம்.

அதற்கு வழி ப்ரொப்பில் இருக்கிறது. வென்ட்டைச் சரிபண்ணி ஒரு வாரம் பறக்கவிட்ட பிறகு 10-5 போட்டுப் பாருங்கள். பிட்ச் குறைவு, அதனால் 10,500 பக்கம் ஓடவிட வேண்டும். அதில் பிட்ச் கணக்கு விநாடிக்கு 22 மீட்டர்தான் வருகிறது. விமானம் அதைத் தாண்டி ஓட முயன்றால் ப்ரொப்பே இழுத்துப் பிடிக்கும். நேர்ப்பறப்பில் லேப் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், கவலைப்படாதீங்க. ட்யூன்ட் பைப் (இன்ஜினுக்கு ஏற்ப நீளம் சரிசெய்த எக்ஸாஸ்ட் குழாய்) போட்டுக் குறைந்த பிட்ச்சில் வேகமாகச் சுற்றவிடுகிறவர்கள் 1980களின் கடைசியிலிருந்து செய்வதும் இதே தத்துவம்தான், பணம்தான் அதிகம்.

பெங்களூர்க்காரர் சொன்னதையும் நான் மறுக்கவில்லை. கவர்னர் செய்வதும் இதுதான், இன்னும் சுத்தமாகச் செய்கிறது. காற்றில் போட்டி ஜெயிக்க வேண்டும் என்றால் எலெக்ட்ரிக் வாங்குங்கள் என்று நானே சொல்வேன். ஆனால் இந்தப் பையன் கேட்டது போட்டி ஜெயிக்க இல்லை, மாமா கொடுத்த ஃபாக்ஸை ஓடவைக்க. விளக்கெண்ணெய் நாற்றம் என்கிறார், எங்கள் வீட்டில் அதை வாசனை என்போம். என் மனைவி மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

திருச்சி_க்ளோபிளக்:

நான் சொன்ன ஈரப்பதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் சார். ஒரு கேள்வி: டேங்க் உயரம் தப்பாக இருந்தாலும் ஒரு பக்கம் ஒரு சத்தம் வருமே, அதை எப்படிப் பிரிப்பது?

பீளமேடு_பழைய_ஃபிட்டர்:

வாபஸ் எல்லாம் வேண்டாம், பிளக்கும் ஒரு நாள் போகத்தான் போகும்.

டேங்க் உயரம் தப்பு என்றால் திசைக்குத் திசை மாறாது, நேராகப் பறப்பதற்கும் தலைகீழாகப் பறப்பதற்கும் நடுவில் மாறும். காற்றில்லாத காலையில் நேராகச் சில லேப், தலைகீழாகச் சில லேப் ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். நேராகப் போகும்போது வேகமாகவும் வறண்டும் ஓடினால் டேங்க் தாழ்வாக இருக்கிறது, ஏற்றுங்கள். தலைகீழாக வேகம் என்றால் இறக்குங்கள். ரிங்மாஸ்டரில் டேங்க் வெளியே கட்டியிருப்பதால் தக்கை வைப்பது சுலபம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று இருக்கிறது. 24 மீட்டர் வேகத்தில் 19 மீட்டர் ஆரத்தில் சுற்றினால் வெளிப்பக்கம் 3 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு இழுக்கிறது. எரிபொருளுக்குக் 'கீழே' என்பது தரைப்பக்கம் இல்லை, வெளிப்பக்கம்தான். அதனால் டேங்க்கை இன்ஜினிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளிக் கட்டியிருக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். ஆனால் இது காற்றால் லேப்புக்கு லேப் பெரிதாக மாறாது, ஏனென்றால் தரையைப் பொறுத்த வேகம் அவ்வளவாக ஆடுவதில்லை. ஒருமுறை சரியாகக் கட்டிவிட்டால் விட்டுவிடலாம்.

உடுமலை_ரிங்மாஸ்டர்:

ஐயா, போனைப் பையில் வைத்துப் பதிவு பண்ணினேன். நீங்கள் சொன்னபடி ஆர்.பி.எம். 1,300 எல்லாம் ஆடவில்லை. 79 ஹெர்ட்ஸ் கோடு வடக்கே பளிச்சென்று இருக்கிறது, தெற்கே மறைகிறது. வென்ட்டை ப்ளைவுட் தகட்டில் கொண்டுவந்து சமமாக அறுத்து, நீடிலைத் திறந்து ஆரம்பித்தேன். கோடு இப்போது வட்டம் முழுக்க இருக்கிறது, தென்கிழக்கில் மட்டும் கொஞ்சம் மங்குகிறது. அந்த மிச்சம் ப்ரொப்தானே? 10-5 இன்னும் கைக்கு வரவில்லை. வட்டத்தை 60 மீட்டர் கிழக்கே தள்ளிவிட்டேன்.

ஒரு பயமான விஷயம். நேற்று மேற்குப் பக்கம் கொஞ்சம் உயரமாகப் போனபோது லைன் தொளதொளவென்று ஆகி, ஒரு நொடி கைப்பிடியில் எதுவுமே இல்லை. இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது.

பீளமேடு_பழைய_ஃபிட்டர்:

ஆமாம், அந்த மிச்சம் ப்ரொப். தென்கிழக்கில் மங்குவதும் சரிதான், பின்காற்றின் உச்சம் தெற்கே என்றாலும் இன்ஜின் சுதாரிக்கக் கொஞ்சம் பிந்தும்.

மேற்குப் பக்கம் காற்று விமானத்தை உங்களை நோக்கித் தள்ளுகிறது. தாழ்வாகப் போகும்போது வட்டத்தின் வேகம் லைனை இறுக்கிப் பிடிக்கும். உயரம் ஏறினால் விமானத்தின் எடையும் உங்கள் பக்கம் சாயும், இரண்டும் சேர்ந்தால் லைன் தளர்ந்துவிடும். காற்று நாளில் மேற்குப் பக்கம் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் போகாதீங்க, எந்த வித்தையாக இருந்தாலும் கிழக்கே மட்டும். அப்படியும் தளர்ந்தால் கைப்பிடியை ஆட்டாதீங்க, விமானத்தைப் பார்த்தபடியே பின்னால் நாலு எட்டு ஓடுங்க. லைன் இறுகியதும் மெதுவாகக் கீழே கொண்டுவாங்க. பின்னால் ஓடும் இடத்தில் கல்லோ, தென்னை மட்டையோ, நண்பன் வைத்த எரிபொருள் கேனோ இருக்கக்கூடாது. பறக்கவிடும் முன் அந்த ஐந்து மீட்டரைச் சுத்தம் பண்ணிவிடுங்கள்.

புறப்படும்போதும் விமானத்தைக் கிழக்கே வைத்து விடச் சொல்லுங்கள், உங்கள் முதுகில் காற்று இருக்கும்படி. மேற்குக்கு வரும்போது அதற்கு வேகம் வந்திருக்கும். 10-5 வந்ததும் லேப் நேரத்தை எழுதுங்கள், 5.3-க்கு மேல் போனால் நீடில் கொஞ்சம் பார்க்கலாம்.